மற்றவர் மரபைக் காத்தல்: இரு இனப் பெற்றோரின் பிள்ளைகளும் பெருமித உணர்வும்

இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளைத் தம் பண்பாட்டு மரபில் பெருமிதம் கொள்பவர்களாக வளர்ப்பது பற்றியது. தமிழர் குடியேறி வாழும் நாடுகளில் பிற இனத்தாரோடு மண உறவு கொள்வது இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. சிங்கப்பூரில் பதிவாகும் திருமணங்களில் ஆறில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை வெவ்வேறு இனத்தாருக்கிடையே நடப்பவை. மலேசியாவில் சீனர்-இந்தியர் இணையரின் பிள்ளைகளுக்குச் 'சிண்டியன்' என்று ஒரு பேச்சுவழக்குப் பெயரே வழங்குகிறது. இத்தகைய வீட்டில் ஒரு குழந்தை பிறந்ததும் இரு பக்கத்து உறவினரும் வெளிப்படையாகவோ மனத்துக்குள்ளோ கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை எந்தப் பக்கம் வளரும்?" அந்தக் கேள்வியே பிழையானது என்பதையும், அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது எது என்பதையும் வரலாற்றுச் சான்றுகளோடு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், அரசுகள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டன என்று பார்ப்போம். சிங்கப்பூரில் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் இனம் உண்டு. நெடுங்காலம் குழந்தைக்குத் தந்தையின் இனமே வழக்கமாகப் பதியப்பட்டது. சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பிள்ளை ஏட்டில் சீனர் மட்டுமே. தாயின் மரபுக்கு அங்கே இடமில்லை. 2011 ஜனவரி முதல் இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம் என்று விதி மாறியது. இது உண்மையான முன்னேற்றம். ஆயினும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இன விகிதத்தைக் கணக்கிடும்போது முதலில் எழுதப்பட்ட இனமே கொள்ளப்படுகிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்திலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கும் 366ஆம் பிரிவு, தந்தைவழி முன்னோரில் ஐரோப்பியர் இருப்பதையே அளவுகோலாகக் கொள்கிறது. அந்தப் பரம்பரையைப் பெற்றெடுத்த இந்தியத் தாய்மாரைப் பற்றி அவ்வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் ஒரு மரபை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வரிசைப்படுத்தலாம். குழந்தை அந்த மரபில் பெருமிதம் கொள்ளுமா என்பது பதிவேட்டுக்கு அப்பால், வீட்டுக்குள் முடிவாகும் செய்தி.

வீட்டுக்குள் அது எப்படி முடிவாகிறது? பொதுவாக நாம் நினைப்பது இதுதான்: தமிழ்த் தாய் தமிழைக் கற்றுக்கொடுப்பார், சீனத் தந்தை சீனத்தைக் கற்றுக்கொடுப்பார், பொங்கலும் வரும், சீனப் புத்தாண்டும் வரும், பிள்ளை இரண்டிலும் வளரும். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்தால் போதும் என்ற இந்தக் கணக்கை வரலாறு ஆதரிக்கவில்லை என்பதே என் கருத்து. ஒரு குழந்தைக்குத் தன் தாயின் மரபில் பெருமிதம் பிறப்பது, தாய் அதைப் புகழ்வதைவிடத் தந்தை அதை மதிப்பதைப் பொறுத்தே அமைகிறது. தந்தையின் மரபும் அப்படியே. அதன் மதிப்பைக் குழந்தை தாயின் நடத்தையிலிருந்துதான் அறிகிறது. தம்முடையதைத் தாமே புகழ்வது எவருக்கும் இயல்பு. அந்தப் புகழைக் குழந்தை பாசத்தின் கணக்கில் வைத்துவிடும். அந்த மரபில் பிறக்காத ஒருவர் அதற்காக நேரம் செலவிட்டு, அதைக் கற்று, அதன் பொருட்டுப் பிறரோடு வாதாடும்போதுதான் அது மதிக்கத்தக்கது என்ற உறுதி குழந்தையின் உள்ளத்தில் ஏற்படுகிறது. ஆகவே இரு இன மணத்தில் ஒவ்வொருவரும் தம் துணையின் மரபுக்குக் காவலராக இருக்க வேண்டும். இதற்கு நான்கு சான்றுகளைச் சொல்கிறேன். முதல் இரண்டும் தமிழ் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையவை.

முதல் சான்று மலாக்காச் செட்டிகள். மலாக்கா சுல்தானகம் செழித்திருந்த 15ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கடல் வணிகத்துக்குச் சென்ற தமிழர்கள் அங்கே மலாய், ஜாவா, பாத்தாக், சீனப் பெண்களை மணந்தார்கள். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது அந்நகரின் இந்துக்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட நைனா சாத்து இந்த வணிகர் கூட்டத்தைச் சேர்ந்தவர். டச்சுக்காரர் காலத்தில், 1781இல், இச்சமூகம் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் மலாக்கா நகரில் இருக்கிறது. காஜா பெராங் பகுதியில் வாழும் இவர்களின் வீட்டு மொழி மலாய். பெண்களின் மரபு உடை சாரோங்கும் கெபாயாவும். சமையலில் தேங்காய்ப்பாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் உண்டு. ஆனாலும் இவர்கள் சைவர்கள். பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்ற பின்னொட்டுகள் இவர்கள் பெயர்களில் நிலைத்திருக்கின்றன. பொங்கலுக்கு முந்திய போகியன்று 'பார்ச்சு' என்ற பெயரில் வாழையிலை விரித்து முன்னோருக்குப் படையல் இடுகிறார்கள். மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' வழிபாடு என்று மலாய்ப் பெயரில் கொண்டாடுகிறார்கள். பருவக்காற்றோடு வந்து, பருவக்காற்றோடு திரும்பிய வணிகர்கள் ஆண்டு முழுவதும் வீட்டிலிருந்து இந்தச் சடங்குகளை நடத்தியிருக்க முடியாது. அவற்றைக் காத்தவர்கள், சைவ சமயத்தில் பிறக்காத மனைவியரும் அவர்கள் வளர்த்த மகளிருமாகத்தான் இருக்க வேண்டும். தமிழ் பேசாத தாய்மார் தம் கணவரின் முன்னோருக்குத் தம் மொழியில், தம் கைப்பக்குவத்தில் படையல் இட்டதால்தான் அந்த மரபு 500 ஆண்டுகள் தாண்டி நிற்கிறது. கணவர்களும் மனைவியரின் மொழியையும் உடையையும் உணவையும் வீட்டின் உரிமையாக ஏற்றார்கள். இரு தரப்பும் மற்றவருடையதைத் தாங்கியதன் விளைவாக ஒரு தனிச் சமூகமே உருவாயிற்று. 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சி நடத்தியது.

இரண்டாம் சான்று நம் சென்னையிலேயே தொடங்குகிறது. அதன் போக்கு நேரெதிரானது. 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொன்னார்கள். பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரவும் இசைந்தார்கள். கம்பெனிக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து அதே கம்பெனி, 1791இல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பவர்களைத் தன் சிவில், படைப் பணிகளிலிருந்து விலக்கியது. தாய் இந்தியர் என்பதே தகுதிக் குறைவாயிற்று. பிழைக்க வேண்டிய சமூகம் தந்தையின் மரபைப் பற்றிக்கொண்டு தாயின் மரபைப் பேசாமல் விட்டது. ஆங்கிலம் தாய்மொழியாயிற்று, கண்டறியாத இங்கிலாந்து தாயகமாயிற்று. பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் ரயில்வேக் குடியிருப்புகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் குடும்ப வரலாற்றில் ஐரோப்பிய முன்னோரின் பெயர் இருக்கும். தமிழ்ப் பாட்டியின் பெயர் பெரும்பாலும் இராது. அவர் விட்டுச்சென்ற மிளகுத் தண்ணியும் மஞ்சள் சோறும் கோளா உருண்டைக் குழம்பும் அடுப்படியில் நிலைத்தன. அவரைப் பற்றிய பேச்சு நிலைக்கவில்லை. 1942இல் அச்சமூகத்தின் தலைமையை ஏற்ற ஃபிராங்க் ஆண்டனி, நாம் இந்தியர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்த நேர்ந்தது. அதன் பின்பும் 1947ஐ அடுத்த ஆண்டுகளில் பல்லாயிரவர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் புறப்பட்டார்கள். இந்நாட்டுக் கல்விக்கும் ரயில்வேக்கும் விளையாட்டுக்கும் அவர்கள் தந்த கொடை பெரியது. குறை அவர்களுடையது அன்று. தாயின் மரபை இழிவென்று சொன்ன அதிகாரத்தை எதிர்த்து, வீட்டுக்குள் அந்தத் தாய்க்காகப் பேசக் கடமைப்பட்டிருந்தவர்கள் தந்தையர். அவர்கள் பேசாதிருந்த விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

மூன்றாம் சான்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குடியேறிய பஞ்சாபியர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வயல் வேலைக்குச் சென்ற சீக்கிய, முஸ்லிம், இந்து ஆண்களுக்கு 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் ஊரிலிருந்து மனைவியரை அழைத்துவர முடியாமல் போயிற்று. 1923இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை என்றது. வெள்ளையரை மணக்க மாநிலத்தின் கலப்பு மணத் தடை குறுக்கே நின்றது. எனவே பலர் மெக்சிகோ நாட்டுப் பெண்களை மணந்து இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் யூபா நகரிலும் குடும்பம் அமைத்தார்கள். மானிடவியலாளர் காரென் லியனார்ட் இக்குடும்பங்களை ஆராய்ந்து 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகள் பேசியது ஸ்பானிஷ். வளர்ந்தது கத்தோலிக்கச் சமயத்தில். ஆனால் தாய்மார் ரொட்டி சுடவும் கறி சமைக்கவும் கற்றார்கள். தந்தையரின் நண்பர்களை உறவாகப் போற்றினார்கள். தந்தையர் தம் மனைவியரின் வழிபாட்டுக்குத் தடை சொல்லவில்லை. பஞ்சாபி பேசத் தெரியாத அந்தப் பிள்ளைகள் தம்மை 'இந்து' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள்; அக்காலக் கலிஃபோர்னியாவில் எல்லா இந்தியருக்கும் வழங்கிய பெயர் அது. கதை இங்கே முடிந்திருந்தால் மலாக்காவைப் போல் ஆகியிருக்கும். 1965இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் பஞ்சாபிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புதியவர்கள் வந்தார்கள். முடி வெட்டியவர்கள், மொழி அறியாதவர்கள், மெக்சிகோ முகம் கொண்டவர்கள் எங்கள் இனத்தவர் எப்படி ஆவார்கள் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். வீடு தந்த பெருமிதத்தை வெளியே இருந்த உறவுச் சமூகம் ஏற்க மறுத்தது. காவலர் பொறுப்பு கணவன் மனைவியோடு முடிவதில்லை என்பதை இந்தச் சான்று காட்டுகிறது.

நான்காவது சான்று நம்மவர் ஒருவருடையது. சியாமளா கோபாலன் 1958இல் பத்தொன்பது வயதில் உயர்கல்விக்காகப் பெர்க்லிக்குச் சென்றவர். மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக விளங்கியவர். ஜமைக்காவில் பிறந்த பொருளியலாளர் டொனால்ட் ஹாரிஸை மணந்து இரு பெண்களைப் பெற்றார். மணமுறிவுக்குப் பின் பெண்கள் இருவரும் பெரும்பாலும் அவர் பொறுப்பில் வளர்ந்தார்கள். அமெரிக்கச் சமூகம் தம் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகவே பார்க்கும் என்பதைத் தம் தாய் நன்கு உணர்ந்திருந்தார் என்றும், தன்னம்பிக்கை மிக்க கறுப்பினப் பெண்களாகத் தங்களை வளர்ப்பதில் உறுதியாக இருந்தார் என்றும் மகள் கமலா ஹாரிஸ் 2019இல் வெளியான தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். பெர்க்லியில் கறுப்பினக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் கூடிய 'ரெயின்போ சைன்' என்ற பண்பாட்டு மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றார். அவர்கள் கறுப்பினத்தவர் தேவாலயத்துக்கும் போனார்கள், இந்துக் கோயிலுக்கும் போனார்கள், சென்னைக்கும் வந்து தாத்தா பாட்டியோடு இருந்தார்கள். கணவரைப் பிரிந்த பிறகும் கணவரின் மரபைப் பிள்ளைகளுக்குக் குறையில்லாமல் கொடுத்தது எளிய செயல் அன்று. மணவாழ்வு கசந்தபோது துணையின் இனத்தையே குறைசொல்லிப் பிள்ளைகள் காதில் ஏற்றும் பெற்றோர் எல்லா நாட்டிலும் உண்டு. சியாமளா அதைச் செய்யவில்லை. அவர் மகள் கறுப்பினத்தவரின் புகழ்பெற்ற கல்வி நிலையமான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார்; 2020இல் துணை அதிபர் வேட்பாளராக மேடையேறியபோது உலகறியத் தம் சித்திகளை நினைவுகூர்ந்தார். தமிழ்த் தாய் தன் கணவரின் மரபைக் காத்ததால் மகள் தாயின் மரபை இழக்கவில்லை. இரண்டையும் ஒரே குரலில் சொல்லும் துணிவு அந்த மகளுக்கு வாய்த்தது.

சியாமளாவின் செயலில் பெற்றோருக்கு ஒரு நெறியும் அடங்கியிருக்கிறது. இரண்டு மரபுகளுக்கும் சமமாக நேரம் ஒதுக்குவது நீதிபோலத் தோன்றும். ஆனால் வீட்டுக்கு வெளியே இரண்டும் சமமாக நடத்தப்படுவதில்லை. தராசின் ஒரு தட்டில் ஊரே எடை வைத்திருக்கும்போது, வீடு தன் எடையை மறு தட்டில்தான் வைக்க வேண்டும். வெளியுலகம் எந்த மரபைக் குறைத்துப் பேசுகிறதோ, எது எண்ணிக்கையில் சிறியதோ, அதற்கு வீட்டில் கூடுதல் இடம் வேண்டும். அந்தக் கூடுதல் இடத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பு பெரிய மரபைச் சேர்ந்த துணைக்கே உரியது. சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே குடியிருப்போரில் சீனர் ஏறத்தாழ 74 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியிலும் கற்பிக்கப்படுகிறது. ஆனாலும் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 30 விழுக்காட்டுக்கும் கீழாகக் குறைந்தார்கள். இரு பெற்றோரும் இந்தியராக உள்ள வீடுகளையும் சேர்த்த கணக்கு இது. இந்நிலையில் சீனத் தந்தை ஒருவர் தம் பிள்ளைக்கு இரண்டாம் மொழியாகத் தமிழை எடுக்கலாம் என்று முதலில் சொன்னால், தாமும் பத்துச் சொல் கற்று மாமியாரோடு தமிழில் நலம் விசாரித்தால், அந்த வீட்டில் தமிழுக்குக் கிடைக்கும் மதிப்பைத் தாய் தனியாக எத்தனை ஆண்டு முயன்றாலும் ஈட்ட முடியாது. இதே பிள்ளை சென்னையில் வளர்ந்தால் நெறி திரும்பிவிடும். இங்கே முகத்தைப் பார்த்து 'சைனாக்காரன்' என்று கேலி செய்வோருக்கு நடுவில், சீன மொழிக்கும் சீனப் பாட்டியின் நினைவுக்கும் பரிந்து பேச வேண்டியவர் தமிழ்ப் பெற்றோர்தான்.

இனி, என் கருத்துக்கு எதிராக எழக்கூடிய வாதங்களைப் பார்க்கலாம். முதலாவது, பிள்ளை வளர்ந்து தானே தேர்ந்துகொள்ளட்டும், பெற்றோர் எதையும் திணிக்க வேண்டாம் என்பது. விடுதலை உணர்வோடு சொல்லப்படும் வாதம் இது. மதிப்போடு விடை சொல்ல வேண்டும். வீடு மௌனமாக இருந்தால் குழந்தையின் உள்ளம் வெற்றிடமாக இருக்கும் என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. அந்த எண்ணம் உண்மையன்று. 1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்லது, எதோடு விளையாட விருப்பம் என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு கென்னத் கிளார்க்கின் ஆய்வைச் சுட்டியது. எந்த நிறம் உயர்ந்தது என்ற பாடத்தைத் தெருவும் கடையும் படமும் பள்ளிக்கு முன்பே கற்பித்துவிடுகின்றன என்பது பொம்மைச் சோதனையின் பொருள். பதினெட்டு வயதில் தேர்வு செய்யச் சொன்னால், குழந்தை தனக்கு ஏற்கெனவே உயர்வென்று காட்டப்பட்டதைத்தான் தேரும். மொழி, பாட்டு, உறவுமுறை, வழிபாடு ஆகியவை சிறுவயதில் புழங்கினால்தான் பின்னர் கொள்ளவோ தள்ளவோ கைவசம் இருக்கும். இரண்டையும் அறிந்தவருக்கே தேர்வு என்று ஒன்று உண்டு.

இரண்டாவது வாதம், இரண்டு மரபுகளில் வளரும் பிள்ளை எதிலும் முழுமையின்றிக் குழம்பும் என்பது. இரு பக்கத்துப் பெரியோரும் அக்கறையோடுதான் இதைச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு மூன்று மொழிகள் புழங்குவதும், இரண்டு வகை வழிபாடு நடப்பதும் ஆசிய மக்களுக்குப் புதியவை அல்ல. பெங்களூரிலும் பாலக்காட்டிலும் பினாங்கிலும் எத்தனையோ குழந்தைகள் அப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். பிள்ளையை வருத்துவது மரபுகளின் எண்ணிக்கை அன்று. உன்னை எங்களுள் ஒருவராக ஒப்பமாட்டோம் என்று பிறர் சொல்வதுதான். 2009இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இபான் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த ஒரு மாணவி, பூர்வகுடியினருக்கான கல்வி இடத்துக்குத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டார். பெற்றோர் இருவரும் பூர்வகுடியாக இருந்தால்தான் பிள்ளை பூர்வகுடி என்று அரசமைப்பு விதி அப்போது பொருள் கொள்ளப்பட்டது. பின்னர் 2022இல் அந்த விதி திருத்தம் பெற்றது. அந்த மாணவியின் மனத்தில் குழப்பம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. குழப்பம் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் சிகாகோ நகரில் கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டில் டொனால்ட் ட்ரம்ப், கமலா ஹாரிஸ் இந்தியரா கறுப்பினத்தவரா என்று ஐயம் கிளப்பியபோதும் குழப்பம் கேட்டவரிடமே இருந்தது. ஆகவே பெற்றோர் பிள்ளையை ஒரு மரபுக்குள் சுருக்குவதால் இத்துன்பம் தீராது. இத்தகைய கேள்வி ஒருநாள் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தெளிவாக விடை சொல்லப் பழக்குவதே பயன் தரும்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வலிமையானதாகத் தோன்றுகிறது. மரபில் பெருமிதம் என்பது இனச் செருக்காகவும் சாதிப் பெருமையாகவும் திரியாதா, மனிதராக வளர்த்தால் போதாதா என்பது அது. தமிழ் மரபு என்று நாம் கொடுப்பதற்குள் சாதி இருக்கிறது, பெண்ணடிமை இருக்கிறது, நிறவெறி இருக்கிறது. வெள்ளையரையோ சீனரையோ மணந்த வீட்டில் குழந்தை பிறந்தால், "பிள்ளை நல்ல கலர்" என்று உறவினர் மகிழ்வதைக் கேட்டிராதவர் நம்மில் எவர்? ஆப்பிரிக்கரை மணந்திருந்தால் அதே வாய்கள் மூடிக்கொள்ளும். முதல் சொல் பாராட்டுப்போல் ஒலித்தாலும், உன் தமிழ்ப் பெற்றோரின் நிறத்திலிருந்து தப்பினாய் என்பதே குழந்தை அதில் படிக்கும் பாடம். எனவே நான் கோரும் பெருமிதம் உண்மையோடு சேர்ந்தது. திருக்குறளையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் சொல்லும் வாயே கீழ்வெண்மணியில் நடந்த சாதிக் கொடுமையையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தந்தையின் மரபைச் சொல்லும்போது 1967 வரை 16 மாநிலங்களில் கலப்பு மணத்தைத் தடுத்த சட்டங்கள் இருந்ததையும், லவ்விங் வழக்குத் தீர்ப்பு அவற்றை ஒழித்ததையும் சொல்ல வேண்டும். தன் முன்னோர் செய்த தவற்றை அறிந்தும், அதைத் திருத்தப் போராடியவர்களும் தன் முன்னோரே என்று அறிந்தும் கொள்ளும் பெருமிதம் செருக்காக மாறாது. துணையின் மரபைக் காப்பது என்ற என் நெறியும் இங்கே ஒரு தடுப்பாக நிற்கிறது. பிறர் மரபைப் போற்றும் பெற்றோரைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, தன் மரபை உயர்த்தப் பிறருடையதைத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றாது. வெறும் மனிதராக வளர்த்தல் என்பதும் நடைமுறையில் இல்லை. எல்லாக் குழந்தையும் ஏதோ ஒரு மொழியில்தான் பேசத் தொடங்குகிறது.

நான்காவதாக ஒரு நடைமுறை வாதம். தனக்கே தெரியாத மரபை ஒருவர் எப்படிக் கொடுப்பது, அது வேடமாகிவிடாதா? உண்மைதான், ஆண்டுக்கு ஒருநாள் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்வது வேடமே. ஆனால் துணையின் மரபில் புலமை எவரிடமும் கேட்கப்படவில்லை. கேட்கப்படுவன சிறியவை, அன்றாடமானவை. பாட்டியை அம்மாச்சி என்றும் போபோ என்றும் அவரவர் முறையில் அழைக்கப் பழக்குதல். பெயர் வைக்கும்போது இரு பக்கத்துப் பெயரும் இடம்பெறச் செய்தல். சுருள்முடிக்கு எண்ணெய் வைத்துப் பின்னத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் சென்று கற்றல். தாத்தா பாட்டியின் பேச்சைக் குழந்தை புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் அந்த மொழி வீட்டில் ஒலிக்கச் செய்தல். துணையின் ஊரைப் பற்றித் தன் உறவினர் இழிவாகப் பேசும்போது குழந்தையின் முன்னிலையிலேயே மறுத்துப் பேசுதல். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. மொழி முழுதும் கைவராவிட்டாலும் மதிப்பு நிலைத்திருந்தால் மொழி மீளும் வாய்ப்பு உண்டு. போர்ச்சுகீசியர்க்கும் மலாக்கா மக்களுக்கும் பிறந்தவர்களின் மொழியான கிரிஸ்டாங் சிங்கப்பூரில் ஏறத்தாழ மறைந்திருந்தது. 2016இல் 'கோட்ரா கிரிஸ்டாங்' என்ற இயக்கத்தின் வழியே இளைய தலைமுறையினர் வகுப்புகள் நடத்தி அதை மீண்டும் பேசத் தொடங்கினார்கள். வீட்டில் எவரும் பேசாத மொழியை அவர்கள் தேடிப் போகக் காரணம், அது தமக்குரியது என்ற எண்ணத்தை யாரோ அவர்களிடம் அணையாமல் வைத்திருந்ததுதான்.

நிறைவாக, நம் சமூகத்தின் பொறுப்பைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் புதிதாக வந்த பஞ்சாபியர் செய்த தவற்றைத் தமிழர் செய்யாதிருக்க வேண்டும். அதே வேளையில் நம் வரலாற்றில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. மலாயாவில் வறுமையாலும் பெண் குழந்தை வேண்டாமென்ற எண்ணத்தாலும் கைவிடப்பட்ட சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்கள் சேலை கட்டி, தமிழ் பேசி, அவ்வீட்டு மகள்களாகவே மணமுடித்தார்கள். முகம் பார்த்து உறவு கொள்ளாத அந்த எளிய குடும்பங்களின் பெருந்தன்மை, இன்று படித்துப் பட்டம் பெற்று வெளிநாடுகளில் சங்கம் நடத்தும் நமக்கும் வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கு வரும் இரு மரபுக் குழந்தையின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதும், "பார்த்தால் தமிழ்ப்பிள்ளை மாதிரி இல்லையே" என்று வியப்பதும், தமிழரல்லாத பெற்றோரை வாசலிலேயே நிறுத்திவைப்பதும் ஒழிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகள் அந்தப் பெற்றோருக்கும் ஒரு தொடக்க வகுப்பு நடத்தலாம். கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அவர்களை விருந்தினராக நடத்துவதை விட்டு உறவாக நடத்தலாம். பல்கலைக்கழகங்கள் மலாக்காச் செட்டிகள், பினாங்கின் ஜாவிப் பெரனாக்கான் முஸ்லிம்கள், சென்னையின் ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் வரலாற்றைத் தமிழர் வரலாற்றின் பகுதியாகவே கற்பிக்கலாம். 1876இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரனாக்கான்' என்ற முதல் மலாய்ச் செய்தித்தாளை நடத்தியவர்கள், இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த பரம்பரையினர் என்பது நம் மாணவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொடக்கத்தில் உறவினர் கேட்பதாகச் சொன்ன கேள்வி பிழையானது என்றேன். பிள்ளை எந்தப் பக்கம் வளரும் என்று கேட்பவர், ஒரு பக்கம் தோற்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார். கேட்க வேண்டியது பெற்றோரைப் பார்த்து: உங்கள் துணையின் மரபுக்காக நீங்கள் என்ன செய்தீர்கள்? அதே கேள்வியைத் தமிழ்ச் சமூகமும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மொழியையும் மரபையும் இந்தப் பிள்ளைகள் போற்ற வேண்டும் என்று நாம் விரும்புவது நியாயமே. அவர்களின் மற்றொரு மரபை நாம் போற்றத் தயாராக இருக்கும்போதுதான் அந்த விருப்பத்தைச் சொல்லும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. அந்த உரிமையை ஈட்டும் வேலை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்க வேண்டும்.